'அன்பகம்' பலகையும் நீல லேசரும்

என் அத்தை மகள் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு 'அன்பகம்' என்று பெயர் வைத்தபோது, கிரகப்பிரவேசத்துக்குள் பெயர்ப்பலகையை நானே செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். 3 மி.மீ. பிளைவுட்டில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டியெடுத்துத் தேக்குப் பலகையின் மேல் ஒட்டுவது என்று முடிவு செய்து, என்னிடமிருந்த 3018 வகைச் சிறிய சி.என்.சி. (கணினிக் கட்டளைப்படி நகரும்) இயந்திரத்தில் 5 வாட் நீல டையோடு லேசரைப் பொருத்தி ஓட்டினேன். ஐந்து எழுத்துகளும் சுத்தமாக வெட்டுப்பட்டன. ஆனால் 'ன்', 'ம்' இரண்டின் தலையிலும் இருக்க வேண்டிய புள்ளிகள், 6 மி.மீ. அகலமே கொண்டவை என்பதால், மரத்துக்கு அடியில் வைத்திருந்த தேன்கூட்டுத் தட்டின் கண்கள் வழியே கீழே விழுந்து கரித்தூளோடு கலந்துவிட்டன. மேசையில் எஞ்சியது 'அனபகம' என்று படிக்கும்படியாக இருந்தது. இந்தச் சிறிய லேசர்களைக் கொண்டு மரத்தை வெட்டவும் பொறிக்கவும் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு பலகையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் கிடைத்தது என்பதால், அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

3018 என்பது 300 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமும் வேலை செய்யக்கூடிய, ஸ்பின்டில் (வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டார்) பொருத்திய இயந்திரம். அதில் ரூட்டர் பிட்டால் தமிழ் எழுத்துகளைக் கடைவதற்கு ஓராண்டு முயன்றிருக்கிறேன். 1 மி.மீ. பிட் எவ்வளவு கவனமாகச் சென்றாலும் உள்மூலை ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. வளைவை விட்டுச் செல்லும். 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளைச் சிறிய அளவில் கடைந்தால் சுழிகள் மூடிக்கொண்டு, எழுத்தே வேறொன்றாகத் தோன்றும். மரத்தை இறுகப் பிடிக்க வேண்டும், பிட் உடையும், தூள் பறக்கும். ஒளிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அது மரத்தைத் தள்ளுவதில்லை ஆதலால் நாலு காந்தத் துண்டுகளே பிடிப்புக்குப் போதும். அதன் முனை ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குவிகிறது. சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைச் சிறு பட்டறையில் நான் கண்டதில்லை.

இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் குறைக்கடத்தி லேசர் 1962இல் உருவானது. அது காலியம் ஆர்சனைடால் ஆனது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தந்தது. நீலப் பக்கத்துக்கு வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காலியம் நைட்ரைடு என்ற, படிகமாக வளர்ப்பதற்கு மிகக் கடினமான பொருளில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1990களின் நடுவில் லேசர் டையோடைச் செய்துகாட்டினார். நீல எல்.இ.டி.க்காக அவரும் அகசாகியும் அமனோவும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். அதே பொருளில் பிறந்த, சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட டையோடுகள் புரொஜெக்டர்களுக்காகப் பெருமளவில் தயாரான பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன.

வாட் கணக்கில்தான் புதிதாக வாங்குவோர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். என் முதல் லேசரின் பெட்டியில் '40 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது ஒளியின் திறன் அல்ல; ஒளியாக வெளியே வருவது 5 வாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே. டையோடு தான் உண்ணும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் ஒளியாக மாற்றும், மீதி வெப்பமாகும். அதனால்தான் அதன் மேல் விரல் நீளத்துக்கு அலுமினியத் தகடுகளும் விசிறியும் இருக்கின்றன. ஒற்றை டையோடு தரும் ஒளித் திறன் ஏறத்தாழ 5, 6 வாட்டோடு நின்றுவிடுகிறது. 10 வாட் லேசர் என்றால் உள்ளே இரண்டு டையோடுகளின் கதிர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றும், 20 வாட் என்றால் நான்கு என்றும் பொருள். விற்பவரிடம் 'ஒளித் திறன் எத்தனை வாட்' என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

வாட்டைவிட முக்கியமான கணக்கு ஒன்றுண்டு: மரத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெறும் ஆற்றல். 5 வாட் ஒளியை நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், நொடிக்கு 10 மி.மீ. நகர்கிறது, மில்லிமீட்டருக்கு அரை ஜூல். அதையே 150 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் 2 ஜூல். வேகமாக நான்கு முறை ஓட்டினாலும் கூட்டுத்தொகை அதே 2 ஜூல்தான் என்றாலும், இரண்டின் விளைவும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் மரம் ஆறிவிடுகிறது, வெட்டின் உள்ளே படிந்த கரி அடுத்த ஓட்டத்தின் ஒளியை விழுங்குகிறது, ஆழம் போகப்போகக் குவியமும் தப்புகிறது. ஆக, ஆழம் வேண்டுமென்றால் மெதுவாகச் செல்வதும், விளிம்பு வெளுப்பாக இருக்க வேண்டுமென்றால் வேகமாகப் பலமுறை செல்வதும் சரி. 3 மி.மீ. பிளைவுட்டுக்கு நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகத்தில் இரண்டு முறை என்பது என் லேசரில் எனக்குப் பழகிப்போன நடுவழி. மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப்பிலிருந்து ஒரு குழாயை இழுத்து வெட்டும் இடத்தில் காற்று ஊதும்படி வைத்த பிறகே இது சாத்தியமாயிற்று. காற்று புகையை விலக்கி ஒளிக்கு வழிவிடுகிறது, விளிம்பில் தீ பற்றாமல் காக்கிறது, லென்சில் புகை படிவதையும் குறைக்கிறது. அந்தப் பம்ப் இல்லாத நாட்களில் அதே மரத்துக்கு நான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டன.

ஒளிப்புள்ளி வட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டையோடின் ஒளி உமிழும் பகுதி மெல்லிய கீற்று போன்றது. எனவே குவிந்த புள்ளியும் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் நீண்ட சிறு செவ்வகமாகவே விழுகிறது. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, எக்ஸ் திசையில் சென்ற கோடு மெல்லியதாகவும் ஒய் திசையில் சென்ற கோடு அதைப்போல் இருமடங்கு தடித்தும் இருந்தன. 'ப' எழுத்தின் அடிக்கோடும் பக்கக் கோடுகளும் ஒரே கனத்தில் வராததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது வரும் லேசர்களில் கூடுதல் லென்ஸ்களைக் கொண்டு இந்த வேறுபாட்டை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

இணைப்பு வேலையில் எனக்கு நேர்ந்த ஒன்றை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். லேசருக்கு மூன்று கம்பிகள்: 12 வோல்ட், கிரவுண்டு, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். சமிக்ஞை. அந்தச் சமிக்ஞை 5 வோல்ட் அளவிலானது. ஸ்பின்டில் மோட்டாருக்கான முனையில் வருவதோ 12 அல்லது 24 வோல்ட். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் லேசரின் டிரைவர், அதாவது டையோடுக்கு மின்சாரத்தை அளந்து தரும் சுற்று, போய்விடும். நான் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். இருந்தும் ஒரு மாலை, இயந்திரத்துக்கு மின்சாரம் இருந்த நிலையில் கணினியின் யு.எஸ்.பி. கம்பியைச் செருகியவுடன், கட்டளை எதுவும் தராமலே லேசர் முழு ஒளியோடு எரிந்து அணைந்தது. பலகையில் மிளகளவு கருந்துளை. போர்டு விழித்தெழும் அந்த ஒரு நொடியில் சமிக்ஞைக் கம்பியில் உயர்வோ தாழ்வோ இல்லாத நிலை இருக்கிறது. என் டிரைவர் அதை 'எரி' என்று எடுத்துக்கொள்ளும் வகை. சமிக்ஞைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்ததும் அது நின்றது. அதன்பின் லேசருக்கென்று தனி சுவிட்ச் வைத்து, எல்லாம் தயாரான பிறகே அதைப் போடுகிறேன்.

இந்த வகை இயந்திரங்களில் பெரும்பாலும் ஓடுவது ஜி.ஆர்.பி.எல். என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது இயந்திரத்தின் போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். அதில் $32=1 என்று கொடுத்தால்தான் லேசர் முறை இயங்கும். கொடுக்காவிட்டால், ஒளியின் அளவு மாறும் ஒவ்வொரு இடத்திலும் இயந்திரம் ஸ்பின்டிலுக்குக் காத்திருப்பதைப் போல ஒரு கணம் நின்று செல்லும், நின்ற இடமெல்லாம் கருகும். அடுத்து, முழு ஒளிக்கான $30 என்ற எண்ணும், கணினி மென்பொருளில் ஒளியின் அளவைக் குறிக்கும் எஸ் என்பதன் அதிகபட்ச மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபர்ம்வேரில் 1000 இருந்து மென்பொருளில் 255 இருந்தால், 'முழு ஒளி' என்று நாம் நினைப்பது கால்பங்கு ஒளியாகவே வரும். என் நண்பர் ஒருவர் இதைக் கவனிக்காமல் லேசர் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அலைந்தார்.

எம்3, எம்4 என்ற இரண்டு கட்டளைகளின் வேறுபாடு தமிழ் எழுத்துக்கு மிக முக்கியமானது. எம்3 கொடுத்தால் இயந்திரம் வேகமாகச் சென்றாலும் மெதுவாகச் சென்றாலும் ஒளி ஒரே அளவில் எரியும். எம்4 கொடுத்தால் வேகம் குறையும்போது ஒளியும் அதே விகிதத்தில் குறையும். ஆங்கிலத்தின் 'எல்' போன்ற நேர்க்கோட்டு எழுத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. 'ண' அப்படியல்ல. சுழிக்குச் சுழி இயந்திரம் வேகத்தைக் குறைத்துத் திரும்பிக்கொண்டே இருக்கும். எம்3இல் பொறித்த 'ண'வைக் கண்ணாடியில் பார்த்தால், சுழிகள் கூடும் இடங்களிலெல்லாம் மை கொட்டியது போலக் கருப்பு திரண்டிருக்கும். எம்4இல் பொறித்த அதே எழுத்து, தொடக்கத்திலிருந்து கடைசிக் கோடு வரை ஒரே பழுப்பில் வரும். பொறிக்க எம்4, வெட்ட எம்3 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒளிப்படங்களைப் பொறிப்பது பற்றிச் சுருக்கமாக: 3018இல் திருகுதண்டுதான் அச்சுகளை நகர்த்துகிறது என்பதால் வேகம் குறைவு. 100 மி.மீ. அகலமும் 80 மி.மீ. உயரமும் உள்ள படத்தை 0.1 மி.மீ. இடைவெளியில் பொறித்தால் 800 கோடுகள், மொத்தம் 80 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 1500 மி.மீ. என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பெல்ட்டால் நகரும் சட்டகங்கள் இதைவிடப் பன்மடங்கு வேகமானவை. ஆனால் அங்கே வேறொரு தடை வருகிறது. 0.1 மி.மீ.க்கு ஒரு கட்டளை வீதம் நிமிடத்துக்கு 6000 மி.மீ. ஓட்டினால் நொடிக்கு ஆயிரம் கட்டளை வரிகள் போக வேண்டும். வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து என்றாலும், நொடிக்கு 115200 பிட் வேகத்து இணைப்பு கொண்டுசெல்லும் 11520 எழுத்துகளின் விளிம்பை அது தொட்டுவிடுகிறது. இயந்திரம் திக்கித் திக்கி நகர்வது பெரும்பாலும் இதனால்தான், மோட்டாரின் குற்றமல்ல.

பிளைவுட் வாங்கப் போன கதைக்கு வருகிறேன். கடைக்காரரிடம் 3 மி.மீ. ஷீட் கேட்டதும், "மரைன் பிளையே எடுத்துக்கோங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். வாசலில் மாட்டும் பலகைக்கு அது சரியான யோசனை, வாங்கி வந்தேன். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள அந்தப் பிளைவுட்டில் ஐந்து முறை ஓட்டியும் ஒளி மறுபக்கம் வரவில்லை. ஏடுகளை ஒட்டும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை கருத்துக் கெட்டியாகி, ஒளி போகப்போகக் கரியாகித் தானே ஒரு கவசமாக நின்றுகொள்கிறது. மறுநாள் ஐ.எஸ். 303 வகையில் எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்கும்) தரம் என்று கேட்டு வாங்கினேன். அதன் பசை வெளிர்நிறமுள்ள யூரியா வகை. இரண்டே ஓட்டத்தில் எழுத்துகள் கழன்று வந்தன. வெட்டிய பிறகு இரண்டு கோட் வார்னிஷ் அடித்து மழைக்குப் பாதுகாப்புச் செய்துகொண்டேன்.

ஒரு பொருள் வெட்டுப்படுமா என்பதை வாட் முடிவு செய்வதில்லை, அந்தப் பொருள் நீல ஒளியை உட்கொள்கிறதா என்பதே முடிவு செய்கிறது. நிறமற்ற அக்ரிலிக்கில் இந்த ஒளி கண்ணாடியில் வெயில் போவதைப் போல ஊடுருவிச் சென்று அடியிலுள்ள மேசையைச் சுடும். கறுப்பு அக்ரிலிக் நன்றாக வெட்டுப்படும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு நிறமற்ற அக்ரிலிக் எளிது, ஏனென்றால் அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய லேசர் அது. கண்ணாடி டம்ளரிலும் வெள்ளை டைல்ஸிலும் எங்களுடைய நீல ஒளி தானாக ஒன்றும் செய்யாது. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயின்ட்டை டைல்ஸின் மேல் அடித்துப் பொறித்தால், ஒளி பட்ட இடம் மட்டும் கறுத்து டைல்ஸோடு ஒட்டிக்கொள்ளும், மீதியைக் கழுவிவிடலாம்.

வெட்டவே கூடாதவையும் உண்டு. பி.வி.சி. கலந்த எதையும் நான் இயந்திரத்துக்குள் வைப்பதில்லை. எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அந்த வாயு நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். நம் ஊரில் இது பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஃபிளெக்ஸ் பேனர், கடைப்பலகைக்குப் பயன்படும் சன்போர்டு, மணிபர்சிலும் டைரி அட்டையிலும் 'லெதர்' என்று விற்கும் ரெக்ஸின் ஆகியவை பெரும்பாலும் பி.வி.சி.தான். தெரிந்த பையன் ஒருவன் நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பர்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து பெயர் பொறித்துத் தரக் கேட்டான். காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, பர்ஸின் உள்மடிப்பில் தொட்டு, அதை மீண்டும் தீயில் காட்டினேன். சுடர் பளிச்சென்று பச்சையாயிற்று. குளோரின் இருப்பதற்கு அது அடையாளம். பர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மரச் சாவிக்கொத்தில் பெயரைப் பொறித்துக் கொடுத்தேன்.

கண்ணைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. அரை வாட்டைத் தாண்டிய எந்த லேசரும் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது, அதாவது நேரடிக் கதிர் மட்டுமல்ல, பக்கத்தில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கக்கூடியது. இமை மூடுவதற்கு ஆகும் கால் நொடிக்குள் விழித்திரை சுட்டுவிடும், வலிகூடத் தெரியாது. என் லேசரோடு வந்த கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு காப்பு என்ற எழுத்தே இல்லை. நான் அதைப் பயன்படுத்தவில்லை. 450 நானோமீட்டருக்கு ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 5 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட, ஆரஞ்சு நிறக் கண்ணாடியைத் தனியாக வாங்கினேன். வீட்டில் குழந்தைகள் உண்டு என்பதால் இயந்திரத்தைச் சுற்றி மூடிய பெட்டியும் செய்தேன், அதன் பின்புறம் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறது. ஓடும் லேசரை விட்டுவிட்டு ஒரு வாய் காபிக்குக்கூட நான் எழுந்து போவதில்லை. மரமும் நெருப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

புள்ளிக்குத் திரும்புகிறேன். எழுத்தை வெட்டுவதற்கு முன் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, அங்கேயே பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி, பின்பே லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளுக்குக் கொண்டுபோகிறேன். சில மென்பொருள்களில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பாதையாக மாற்றிய பின், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒன்றிணைக்காவிட்டால் எழுத்துக்கு நடுவிலேயே லேசர் வெட்டுக்கோடு போட்டுவிடும். ஆனாலும் புள்ளியும் துணைக்காலும் ஒற்றைக்கொம்பும் இயல்பாகவே உடலோடு ஒட்டாதவை. அவை தனித் துண்டுகளாகத்தான் விழும். மெல்லிய பாலம் போட்டுப் புள்ளியை எழுத்தோடு பிணைத்துப் பார்த்தேன். புள்ளிக்குக் காம்பு முளைத்தது போல இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் செய்தது இதுதான். தேக்குப் பலகையின் மேல் அதே கோப்பை, ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் அரை மி.மீ. உள்ளே தள்ளி, மிகக் குறைந்த ஒளியில் கோடாக மட்டும் பொறித்தேன். ஒட்டிய பின் எழுத்தே அந்தக் கோட்டை மறைத்துவிடும். பிளைவுட்டின் அடியில் தட்டுக்குப் பதிலாக ஒரு பழைய அட்டையை வைத்து, புள்ளிகளை முதலில் வெட்டி எடுத்துக்கொண்டு, அதன் பிறகே எழுத்துகளை வெட்டினேன். புகைக்கறை படியாமலிருக்க முன்பே மேலே ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை உரித்ததும் மரம் பால்நிறத்தில் தெரிந்தது, விளிம்பு மட்டும் காபிக்கொட்டை நிறத்தில் இருந்தது. 'ன்' மேல் வரைந்திருந்த சிறிய வட்டத்துக்குள் ஒரு துளி பசை வைத்து, இடுக்கியால் புள்ளியை எடுத்து இறக்கினேன். பிறகு 'ம்'.